பழைய அவுட்போர்டில் டில்ட் வேலை செய்யவில்லையா? முழு யூனிட்டையும் மாற்றும் முன் படிப்படியாகப் பாருங்கள்

பழைய படகு வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே தொல்லை கொடுக்கும் பாகங்களில் ஒன்று பவர் டில்ட்-டிரிம், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு இன்ஜினைச் சுவிட்சால் தூக்கி இறக்கும் அமைப்பு. சுவிட்சை அழுத்தினால் சத்தமே இருக்காது. அல்லது சத்தம் வரும், இன்ஜின் அசையாது. அல்லது மாலையில் தூக்கி வைத்த இன்ஜின் காலையில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். கடைக்குக் கொண்டுபோனால் "யூனிட் போய்விட்டது, முழுசாக மாற்றணும்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு நானே ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனதில், கோளாறு ரிலேக்கு (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) போகும் எர்த் ஒயரின் முனையில் இருந்தது. யூனிட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

நான் டொராண்டோ பக்கம் இருக்கிறேன். படகை இறக்குவது சிம்கோ ஏரியில். இன்ஜின் யமஹா 90 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், 1997 மாடல். கீழே சொல்வது அதை வைத்துத்தான் என்றாலும், ஜான்சன், எவின்ரூட், மெர்குரி, சுசுகி எதுவானாலும் முறை ஏறக்குறைய இதேதான். வேறுபடும் இடங்களில் சொல்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, படகை ஓட்டுவதை இந்தக் கட்டுரை முழுக்க "இன்ஜின்" என்றும், அதைத் தூக்கி இறக்கும் சின்ன மின்மோட்டாரை "டிரிம் மோட்டார்" என்றும் சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். இதில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி மின்சாரம்: பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், இரண்டு ரிலே, டிரிம் மோட்டார். இரண்டாம் பாதி ஹைட்ராலிக்: அந்த மோட்டார் சுழற்றும் பம்ப், ஆயில் தொட்டி, வால்வுகள், இன்ஜினைத் தள்ளும் ரேம்கள். கோளாறு எந்தப் பாதியில் என்று தெரியும் வரை ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

1. முதலில் இன்ஜினைத் தாங்க வையுங்கள்

யமஹா 90 சுமார் 120 கிலோ. அதைவிடப் பெரிய வி4, வி6 இன்ஜின்கள் 150 கிலோவைத் தாண்டும். ஹைட்ராலிக் ஆயில்தான் இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சோதிக்கப் போவதோ அந்த ஹைட்ராலிக்கையே. அதனால் கையை உள்ளே விடும் முன், இன்ஜினை மேலே தூக்கி, அதைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டில் உள்ள டில்ட் லாக்கை (இறங்காமல் தாங்கும் பூட்டு) போடுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய இன்ஜின்களில் அது துருப்பிடித்தோ வளைந்தோ இருக்கும். கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள், அல்லது ராட்செட் பட்டையால் கட்டுங்கள்.

டில்ட் வேலையே செய்யவில்லை என்றால் எப்படி மேலே தூக்குவது? பிராக்கெட்டின் ஒரு பக்கத்தில் உள்ள துளை வழியே பார்த்தால், அகலமான வெட்டுள்ள ஒரு திருகு தெரியும். அதுதான் ரிலீஸ் வால்வு. பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் இடஞ்சுழியாக இரண்டு மூன்று சுற்று மெதுவாகத் தளர்த்துங்கள். தடை தட்டினால் நிறுத்திவிடுங்கள், முழுதாகக் கழற்றக் கூடாது. பிறகு இரண்டு பேர் சேர்ந்து இன்ஜினைக் கையால் தூக்கலாம். தூக்கி, முட்டுக் கொடுத்து, வால்வை மறுபடி இறுக்கிவிடுங்கள்.

இந்தத் தூக்கலே ஒரு சோதனையும்கூட. வால்வு திறந்திருக்கும்போது இரண்டு பேர் தூக்கியும் இன்ஜின் முக்கி முனகித்தான் வருகிறது, நடுவழியில் பிடித்துக்கொள்கிறது என்றால், டில்ட் டியூபில் (இன்ஜின் மேலும் கீழும் திரும்பும் அச்சுக் குழாய்) கிரீஸ் வற்றி இறுகியிருக்கலாம். கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் அடித்து, மேலும் கீழுமாகப் பல தடவை ஆட்டுங்கள். பல வருடம் கிரீஸே பார்க்காத இன்ஜின்களில் டிரிம் மோட்டார் எரிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. எண் தகட்டைப் படம் எடுங்கள், சர்வீஸ் மேனுவல் தேடுங்கள்

விற்றவர் சொன்ன வருடத்தை நம்பி பாகம் ஆர்டர் செய்யாதீர்கள். டிரான்சம் (படகின் பின்பலகை) பிராக்கெட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். ஃபோனில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவில் விற்ற அந்தக் கால யமஹாவில் மாடல் பெயரின் கடைசி எழுத்து வருடத்தைக் காட்டும். 1996 என்றால் யு, 1997 என்றால் வி, 1998 என்றால் டபிள்யூ. ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களில் 1980 முதல் வேறு ஒரு குறி. "இன்ட்ரடியூசஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளை வரிசையாக 1 முதல் 9 வரை, பிறகு 0 என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாடல் எண்ணில் பெரும்பாலும் கடைசி எழுத்துக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகள் வருடம். அங்கே சி, ஈ என்று இருந்தால் 89.

ஓனர் மேனுவல் வேறு, சர்வீஸ் மேனுவல் வேறு. உங்களுக்குத் தேவை ஒயரிங் வரைபடம் உள்ள சர்வீஸ் மேனுவல். விலை கொடுத்து வாங்கினாலும் கடையில் அரை மணி நேரக் கூலிதான் ஆகும். டீலர்களின் இணையதளங்களில் உதிரிபாக வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எங்கே உட்காருகிறது என்று பார்க்க அவை ரொம்ப உதவும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் (25 முதல் 40 டாலர்), கம்பி பிரஷ், கான்டாக்ட் கிளீனர், இன்லைன் ஃபியூஸ் வைத்த இரண்டு தடித்த ஒயர். இவ்வளவுதான்.

3. சுவிட்சை அழுத்தி, காது கொடுத்துக் கேளுங்கள்

ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும். நீங்கள் இன்ஜின் மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கேட்கிற சத்தம்தான் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும்.

சத்தமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச் பக்கம். படி 4, 5 பாருங்கள். அங்கே ஒன்றும் சிக்கவில்லை என்றால் படி 6-இல் உள்ள ரிலேயையும் எர்த்தையும் பாருங்கள்.

"டக்" என்று ரிலே சத்தம் மட்டும் வந்து வேறொன்றும் இல்லை என்றால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. படி 6, 7-க்குப் போங்கள். ஆனால் பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே "டக்" வரும் என்பதால் படி 4-ஐத் தாண்டிப் போகாதீர்கள்.

டிரிம் மோட்டார் "உய்ங்" என்று லேசாக, வேகமாகச் சுழல்கிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை. நேராகப் படி 8.

மேலே நன்றாகப் போகிறது, ஆனால் தானாக இறங்குகிறது என்றால் படி 9.

அப்புறம், இன்ஜின் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் டிரிம் மீட்டரின் முள் அசையவில்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். அந்த மீட்டருக்குத் தனி சென்சார், தனி ஒயர். முள் செத்துக் கிடந்தாலும் டில்ட் ஜோராக வேலை செய்யும்.

4. பேட்டரி, ஃபியூஸ், எர்த்

முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள், சோதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஓய்வில் நன்றாகக் காட்டும் பேட்டரியும் சுமை வந்ததும் படுத்துவிடலாம். அதனால் சுவிட்சை அழுத்திக்கொண்டே ஒருமுறை அளந்து பாருங்கள். 10 வோல்ட் பக்கம் சரிந்தால் பேட்டரியையோ அதன் முனைகளையோ சந்தேகப்படுங்கள். முனைகளைக் கழற்றி, பளபளக்கும் வரை கம்பி பிரஷால் தேயுங்கள். மேலாகத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவது பயன்படாது. துரு இருப்பது ஒயர் முனைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே.

யமஹாவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இன்ஜின் மூடிக்குள் இருக்கிறது. கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து, அது உட்காரும் கவ்வி பச்சை பூத்திருப்பதும் உண்டு. திரும்பத் திரும்ப ஃபியூஸ் போகிறதா? பெரிய ஃபியூஸ் போட்டு ஒப்பேற்றாதீர்கள். எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது டிரிம் மோட்டார் இறுகியிருக்கிறது.

5. சுவிட்சும் லீவர் ஒயரும்

கன்ட்ரோல் லீவரின் கைப்பிடியில்தான் டிரிம் சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும் உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர்கள் வளைந்து நிமிர்கின்றன. இருபது, முப்பது வருடம் வளைந்த செம்பு இழைகள் உறை கிழியாமலே உள்ளே அறுந்துவிடும். லீவரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே சுவிட்சை அழுத்துங்கள். ஒரு நிலையில் வேலை செய்து இன்னொரு நிலையில் செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், ஒயர்தான்.

சுவிட்சை முழுதாக ஒதுக்கிவிட்டுச் சோதிக்கவும் வழி உண்டு. சுவிட்சுக்குள் ஒரு சிவப்பு ஒயர் கரண்டைக் கொண்டுவருகிறது. இரண்டு மெல்லிய ஒயர்கள் ரிலேக்குத் திரும்பிப் போகின்றன. யமஹாவில் வான்நீலம் மேலே, இளம்பச்சை கீழே. பெரும்பாலான கம்பெனிகளிலும் இதே வழக்கம்தான்: வானம் மேலே, புல் கீழே. இருந்தாலும் உங்கள் வரைபடத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ரிலே அருகே, ஃபியூஸ் வழியாக வரும் பிளஸ் கரண்டை மெல்லிய நீல ஒயரில் ஒரு நொடி தொடுங்கள். இன்ஜின் மேலே போனால் ரிலேயிலிருந்து பின்னால் எல்லாம் நலம். சுவிட்சை அல்லது லீவர் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். சில இன்ஜின்களில் கீழ் மூடியின் பக்கவாட்டில் இரண்டாவது சுவிட்ச் ஒன்று இருக்கும். அது வேலை செய்து லீவர் சுவிட்ச் செய்யவில்லை என்றால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை.

6. ரிலே: ரொம்பப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். தேவையில்லாமல் டிரிம் மோட்டார் வாங்கியவர்களில் பலருடைய பணம் போனது இங்கேதான்.

மேலே தூக்க ஒரு ரிலே, கீழே இறக்க ஒரு ரிலே. டிரிம் மோட்டாருக்கு நீலம், பச்சை என்று இரண்டே தடித்த ஒயர்கள். சுவிட்சைத் தொடாதபோது இரண்டு ரிலேயும் தத்தம் ஒயரை எர்த்தோடு இணைத்து வைத்திருக்கின்றன. நீங்கள் "மேலே" அழுத்தினால் நீல ரிலே எர்த்தை விட்டுவிட்டு 12 வோல்ட்டுக்குத் தாவுகிறது. பச்சை ரிலே அசையாமல் எர்த்திலேயே நிற்கிறது. கரண்ட் நீலம் வழியாகப் போய், மோட்டாரைச் சுழற்றி, பச்சை ரிலே வழியாகத் திரும்புகிறது.

இதனால் என்ன ஆகிறது? பச்சை ரிலேக்குள் எர்த் முனை கருகியிருந்தால், நின்று போவது "மேலே". நீல ரிலே "டக்" என்று ஒழுங்காகத்தான் அடிக்கும், 12 வோல்ட்டும் கொடுக்கும். ஆனாலும் இன்ஜின் தூக்காது. மேலே போகவில்லை என்றதும் நீல ரிலேயை மட்டும் மாற்றுகிறவர்கள், அது பலிக்காமல் மோட்டாரையும் மாற்றுகிறார்கள்.

மீட்டரால் இதைப் பிடித்துவிடலாம். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வையுங்கள். ஒருவர் "மேலே" அழுத்திப் பிடிக்கட்டும். சிவப்பு முனையால் தடித்த நீல ஒயரைத் தொட்டால் 12 பக்கம் காட்ட வேண்டும். அடுத்து, அழுத்தியபடியே, தடித்த பச்சை ஒயரைத் தொடுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கேயும் 12 காட்டினால், மோட்டார் வழியாக வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை என்று பொருள். பச்சை ரிலேயின் எர்த்தைப் பாருங்கள். நீலத்தில் 12, பச்சையில் பூஜ்யம், மோட்டார் மட்டும் ஊமை என்றால்தான் குற்றம் மோட்டார் மேல் அல்லது அதற்குப் போகும் ஒயர் மேல்.

மீட்டர் இல்லாவிட்டால் இன்னொரு வழி: இரண்டு ரிலேயும் ஒரே மாதிரியானவை என்றால் இடம் மாற்றி மாட்டுங்கள். "மேலே" போகாதது இப்போது "கீழே" போகாததாக மாறினால் ரிலேதான். மாறவே இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

இரண்டு திசையும் ஒரேயடியாக நின்றுவிட்டதா? இரண்டு ரிலேயும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒயரை, இன்ஜின் பிளாக்கில் அது திருகப்பட்ட இடம் வரை பின்தொடருங்கள். என் இன்ஜினில் அந்த ஒயரின் வளைய முனை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திருகைக் கழற்றி, முனையை லேசாக இழுத்தபோது ஒயர் கையோடு வந்துவிட்டது. உறைக்குள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய முனை அழுத்தி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டியதும் இன்ஜின் தூக்கிக்கொண்டது. உப்புநீரில் ஓடிய இன்ஜின் என்றால் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கடலோரத்திலிருந்து வந்த பழைய இன்ஜின்கள் ஒன்டாரியோ சந்தையிலும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: ரொம்பப் பழைய சில இன்ஜின்களில் டிரிம் மோட்டாருக்கு நீலம், பச்சை, கறுப்பு என மூன்று ஒயர்கள் இருக்கும். அங்கே கறுப்பு நிரந்தர எர்த். மேலே சொன்ன பச்சை ஒயர் கணக்கு அதற்குப் பொருந்தாது.

7. டிரிம் மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட்

ரிலேயைக் கடந்து, மோட்டாருக்கே கரண்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனை இது. முதலில் தடித்த நீல, பச்சை ஒயர்களை ரிலேயிலிருந்து கட்டாயம் கழற்றுங்கள். மேலே சொன்னபடி, ஓய்வில் அவை இரண்டும் எர்த்தோடு இணைந்தே இருக்கும். கழற்றாமல் பிளஸ் கொடுத்தால் நேரடி ஷார்ட். ஒயர் உருகும், தீப்பொறி பறக்கும்.

பெட்ரோல் வாடை சுற்றிலும் இருக்கக் கூடாது. பேட்டரியைப் படகுக்கு வெளியே தரையில் வையுங்கள். சற்றுமுன் சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரி வேண்டாம், அதைச் சுற்றி வாயு இருக்கும். ஃபியூஸ் வைத்த ஒயரால் நீலத்துக்குப் பிளஸ், பச்சைக்கு மைனஸ். மேலே போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கீழே. மூன்று ஒயர் மோட்டார் என்றால் மைனஸ் எப்போதும் கறுப்புக்கு. ஒரு திசையில் ஓரிரு நொடி போதும். சுழலாமல் நிற்கும் மோட்டாருக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் அது எரிந்துவிடும்.

அசையவே இல்லையா? சுத்தியலின் மரப்பிடியால் மோட்டார் உறையை மெதுவாகத் தட்டிக்கொண்டே கரண்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போது சுழன்றால், உள்ளே கார்பன் பிரஷ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பலமாக அடிக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் உடைந்துவிடும். தட்டியதும் சுழன்றது என்பதற்காக அப்படியே ஏரிக்குப் போய்விடவும் கூடாது. அடுத்த தடவை நடு ஏரியில் நிற்கும்.

பழுது மோட்டார் என்று உறுதியானால், கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். மோட்டாரைத் தூக்கியதும் கீழே திறந்திருப்பது பம்ப். ஒரு மணல் துகள் விழுந்தாலும் வால்வு அடைத்துக்கொள்ளும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள சின்ன இணைப்புத் துண்டைத் தவறவிடாதீர்கள். சில சமயம் உடைந்திருப்பதே அதுதான். மோட்டார் ஜோராகச் சுழலும், பம்ப் சுழலாது.

8. ஆயிலும் ரிலீஸ் வால்வும்

மோட்டார் சுழன்றும் இன்ஜின் அசையவில்லை என்றால், வேறெதையும் தொடும் முன் ரிலீஸ் வால்வை வலஞ்சுழியாக இறுக்கிப் பாருங்கள். முன்பு யாரோ கையால் தூக்குவதற்காகத் தளர்த்திவிட்டு, முழுதாக இறுக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு சுற்றுத் திருகலில் தீர்ந்துபோகும் கோளாறு இது.

அடுத்தது ஆயில். தொட்டியின் மூடியை இன்ஜின் முழுக்க மேலே இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது ரேம்களுக்குள் இருந்த ஆயிலும் தொட்டிக்குத் திரும்பியிருக்கும். திறந்தால் முகத்தில் பீய்ச்சும். கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும்.

எந்த ஆயில்? என் யமஹாவுக்கு டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில். மற்ற கம்பெனிகள் தங்களுக்கென்று தனி டிரிம் ஆயில் விற்கின்றன. மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள், இருப்பதோடு வேறொன்றைக் கலக்காதீர்கள். பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஆயில் நிறத்தைக் கவனியுங்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம்மூர்க் குளிரில் இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. தண்ணீர் அடியில் தங்கி, ஜனவரியில் உறைந்து, பம்பை உடைக்கும். உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, சிலமுறை ஏற்றி இறக்கி, மறுபடி எடுத்து ஊற்றுங்கள். நிறம் தெளியும் வரை. பிறகு தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ரேம் தண்டைத் துடைக்கும் சீல், அல்லது தொட்டி மூடியின் ஓ-ரிங். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நகராட்சியின் அபாயக் கழிவு மையங்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஊற்றி முடித்தவுடன் உள்ளே காற்று இருக்கும். மூடியை மாட்டி, முழுக்க மேலே, முழுக்கக் கீழே என்று நாலைந்து தடவை ஓட்டுங்கள். சில நிமிடம் விட்டு, மேலே வைத்துத் திறந்து குறைந்ததை நிரப்புங்கள். விட்டு விட்டுக் குலுங்கி ஏறுவது நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். ஆயிலும் வால்வும் சரியாக இருந்து, மோட்டாரும் பம்பைச் சுழற்றி, அப்போதும் தூக்கவில்லை என்றால் பம்ப் அல்லது உள் வால்வுகள். அதை வீட்டில் பிரிக்க நான் சொல்ல மாட்டேன்.

9. தூக்கி வைத்தால் தானாக இறங்குகிறது

முட்டுகளை எடுத்துவிட்டு, கீழே யாரும் எதுவும் இல்லாமல், இன்ஜினைப் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். ரேம் தண்டுகளைச் சுத்தமாகத் துடையுங்கள். பிராக்கெட்டில் ஒரு டேப் ஒட்டி உயரத்தைக் குறித்து, தரையில் அட்டை விரித்துவிட்டு, மறுநாள் வந்து பாருங்கள்.

அட்டையில் ஆயில் சொட்டியிருந்தால் வெளிக்கசிவு. எங்கே என்று கண்ணுக்கே தெரியும். விரலால் தடவித் தேடாதீர்கள், அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைக்கும். அட்டை காய்ந்திருந்து இன்ஜின் மட்டும் இறங்கியிருந்தால் உள்கசிவு. அதில் மலிவானது ரிலீஸ் வால்வின் ஓ-ரிங்குகள், சில டாலர்தான். இன்ஜினை முழுக்க மேலே முட்டுக் கொடுத்து, தொட்டி மூடியை மெதுவாகத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு மட்டுமே அந்த வால்வைக் கழற்றலாம். ஓ-ரிங் மாற்றியும் இறங்கினால் செக் வால்வு (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) அல்லது ரேமின் உள் சீல். ரேம் மூடியைத் திறக்க, முள் போன்ற முனைகள் வைத்த தனி ஸ்பேனர் வேண்டும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்து துருவில் பிடித்திருக்கும். பலம் போட்டு மூடியைக் கெடுத்துக்கொண்டால் மொத்த யூனிட்டும் போய்விடும். இதைக் கடைக்கே விடுங்கள்.

மெதுவாக இறங்குவதோடு ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ரிவர்ஸ் போடும்போது இன்ஜின் எகிறி மேலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓட்டவே கூடாது. கரைக்கு வரும்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக் ரிவர்ஸ்தான்.

10. செலவும் காலமும்

கடைக் கூலி இங்கே மணிக்கு ஏறத்தாழ 130 முதல் 180 டாலர், அதற்கு மேல் 13 சதவீத வரி. சோதிப்பதற்கே ஒரு மணி நேரம் போடுவார்கள். வேறு கம்பெனி ரிலே 20 முதல் 40 டாலருக்குக் கிடைக்கும். ஆயில் ஒரு லிட்டர் 30-க்குள். வேறு கம்பெனி டிரிம் மோட்டார் 150 முதல் 300. முழு யூனிட் புதிதாக வாங்கினால் ஆயிரத்துக்கு மேல் எளிதாகப் போகும். பழைய படகுகளைப் பிரித்து விற்பவர்களிடம் சில நூறு டாலருக்குக் கிடைக்கலாம். ஆனால் பேட்டரி கொடுத்து உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். கூரியர் கம்பெனிகள் சுங்கத் தரகுக் கட்டணம் என்று வீட்டு வாசலில் தனியாகக் கேட்பார்கள். மலிவு என்று ஆர்டர் செய்த ரிலே, உள்ளூர் விலையைத் தாண்டிவிடும்.

மே மாதம் விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்கு எல்லோரும் படகை இறக்க ஓடுவதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை கடைகளில் இடம் கிடைப்பது கஷ்டம். இந்தச் சோதனைகளை அக்டோபரில், படகை ஏரியிலிருந்து எடுத்த வாரமே செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் இன்ஜினைக் கீழே இறக்கி நேராக நிறுத்தி வைக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே தங்கிய தண்ணீர் வடியும். அதற்கே டில்ட் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் "டில்ட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாடல் எண், சீரியல் எண், எந்தத் திசை நின்றது, அழுத்தும்போது நீலத்திலும் பச்சையிலும் எத்தனை வோல்ட், நேரடியாகக் கரண்ட் கொடுத்தபோது மோட்டார் சுழன்றதா, ஆயில் என்ன நிறம். மாற்றும் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லியும், உங்களிடம் கேட்காமல் எந்தத் தொகையைத் தாண்டக் கூடாது என்றும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.